உழைச்செல்வாள்

திருக்குறளின் மருந்து அதிகாரம், அளவறிந்து உண்பது பற்றி நிறையச் சொல்லிவிட்டு, கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது. நோயுற்றவர் ஒரு பங்கு. நோயைத் தீர்ப்பவர் ஒரு பங்கு. மருந்து ஒரு பங்கு. நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் ஒரு பங்கு. அந்த நான்காமவருக்கு 950ஆம் குறள் தரும் பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம், இடம். இன்றைய காதுக்கு அதில் உழைப்பும் கேட்கிறது. அப்படிக் கேட்பது இலக்கணப்படி தவறாக இருக்கலாம், வாழ்க்கைப்படி சரிதான்.

இந்தக் குறளுக்கு விரிவான உரை எழுதிய பரிமேலழகரைக் காஞ்சிபுரத்துக்காரர் என்று மரபு சொல்கிறது. நால்வகைக்கும் தலா நான்கு தகுதிகளை அவர் அடுக்குகிறார். வடமொழி ஆயுர்வேத நூல்களிலும் இதே போன்ற அடுக்கு உண்டு. நோயாளிக்குச் சொல்லப்பட்ட தகுதிகளில் ஒன்று, தன் நிலையை எடுத்துச் சொல்லத் தெரிந்திருப்பது. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லப்பட்டவை நான்கு: நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடியே செய்யும் வலிமை, அறிவு.

அன்பு இந்தப் பட்டியலில் நான்கில் ஒன்றுதான். அறிவும் வலிமையும் அதற்கு இணையாகவே நிற்கின்றன. பெயரின் ஆண்பால் விகுதியைப் பற்றி இங்கே நான் சண்டை போடப்போவதில்லை. பழைய நூல்களில் அது எல்லோரையும் குறிக்கும் என்று வகுப்பில் சொல்லித்தான் நானும் கடக்கிறேன். ஆனால் “உங்க வீட்ல இந்த நாலாவது ஆள் யாரு?” என்று மாணவிகளைக் கேட்டால், “அம்மா”, “அத்தை”, “பெரியக்கா”, “நான்தான் மேம்” என்று பதில் வருகிறது. விகுதி மாறாமலேயே ஆள் மாறியிருக்கிறாள். ஆள் மாறியபோது பட்டியலில் எது தங்கியது, எது உதிர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதைப் பார்க்க, நம் எழுத்து மிகவும் கூசுகிற இடத்துக்குப் போக வேண்டும். அது படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரின் சிறுநீர்.

இலக்கியம் கூசும் அதைப் பேச்சுவழக்கு கூசாமல் சொல்கிறது. மகனுக்குப் பெண் பார்க்கும் வீடுகளில், “கடைசிக் காலத்துல பீ மூத்திரம் அள்ள ஒருத்தி வேணுமில்ல” என்று ஒரு பேச்சு வரும். சொல்கிறவர் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். தன் மாமியாருக்கு அள்ளியவள். இந்தச் சொற்றொடரை ஒரு பிரதியைப் போல வாசித்துப் பாருங்கள். எழுவாய் ‘ஒருத்தி’, அந்த இடத்தில் ‘ஒருத்தன்’ வந்து நான் கேட்டதில்லை. வினை ‘அள்ளுதல்’. குப்பையை அள்ளுவது போல, கைகள் இருந்தால் போதும் என்கிற வினை. உரை கேட்ட அறிவு இங்கே காணாமல் போயிருக்கிறது. வலிமை, ‘சகிப்பு’ என்று பெயர் மாறியிருக்கிறது. தூய்மையோ தீட்டாகத் திரும்பி, அள்ளியவள் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வெளியே இந்த வேலையைச் சாதியின் பெயரால் சிலர் தலையில் கட்டிய சமூகம், வீட்டுக்குள் மருமகளின் தலையில் கட்டியது. மிச்சம் இருப்பது அன்பு மட்டும். அதுவும் கேட்டுப் பெறுகிற அன்பு.

அள்ளுவது என்று பெயரிட்ட வேலை உண்மையில் என்ன வேலை? படுத்தே இருக்கும் உடலில் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. உட்காரும்போது கிடைக்கும் புவியீர்ப்பின் உதவி படுத்திருப்பவருக்கு இல்லை. அடியில் தேங்கும் சிறுநீரில் கிருமி வளர்கிறது. எடை தாங்காத எலும்புகளிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் சேர்கிறது. தண்ணீரும் குறைந்தால் கல்லாகிறது. மலச்சிக்கல் இருந்தால் இறுகிய மலம் சிறுநீர்ப் பாதையை அழுத்தி அடைக்கிறது. பெண்களின் சிறுநீர்த்தாரை குட்டையானது. கிருமி ஏற எளிது. அதனால் துடைக்கும்போது முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஈரத்தில் ஊறிய தோல் கிழிந்து படுக்கைப்புண் ஆகிறது. புண்ணிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் தொற்று இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. வயதானவர்களுக்குச் சில சமயம் எரிச்சலும் காய்ச்சலும் இல்லாமல், திடீர்க் குழப்பமும் பிதற்றலும் மட்டுமே முதல் அடையாளமாக இருக்கும். அதை ‘புத்தி பேதலிச்சிடுச்சு’ என்று ஒதுக்கிவிட்டால் இரண்டு நாளில் நிலைமை கை மீறிவிடும்.

யூரின் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவரை அதற்காக மாத்திரை கொடுக்கத் தேவையில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தால், தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போகலாம். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக் கூடாது. பை நிரம்பி வழியும்வரை விடக் கூடாது. தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். டியூபையும் பையையும் அடிக்கடி கழற்றி மாட்டக் கூடாது. சாதாரண ரப்பர் டியூபைச் சில வாரங்களிலும், சிலிக்கான் டியூபை அதிகபட்சம் சுமார் 12 வாரங்களிலும் மாற்ற வேண்டும். சிறுநீர் பைக்கு வராமல் டியூபின் ஓரமாகக் கசிந்தால், டியூப் அடைத்திருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரிய வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து மருத்துவர் அளவு வைத்திருந்தால் ஒழிய, தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

இத்தனையையும் செய்வதற்கு ‘அள்ளுதல்’ என்று பெயர் வைத்தது யார்?

இதை எங்கள் ஊர் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீட்டின் பெரிய இடத்தைத் தறி எடுத்துக்கொள்ளும். குழித்தறியில் மனிதர்கள் பள்ளத்தில் கால் வைத்துத் தரைமட்டத்தில் உட்காருவார்கள். நோயாளி பாயில் படுத்திருப்பார். பாயில் படுத்தவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பையை எங்கே மாட்டுவது? கட்டில் வாங்கினால் அதை எங்கே போடுவது? எந்தத் துண்டுச் சீட்டிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதில்லை. பதிலைக் கண்டுபிடிப்பது அந்த வீட்டுப் பெண்ணின் வேலை. பலகையும் செங்கல்லும் வைத்து உயர்த்துவதோ, கடன் வாங்கிக் கட்டில் போடுவதோ அவள் செய்கிற பொறியியல்.

நேரக் கணக்கும் உண்டு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்குத் தனியாக நாடா தள்ளத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் மனைவியோ மகளோதான். கூலி சேலைக் கணக்கில் வரும். இரண்டாவது ஆளுக்கென்று பெரும்பாலும் தனிக் கூலி இல்லை. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, ஈரம் பார்த்து, துடைத்து, துணி மாற்ற வேண்டும் என்பது செவிலியர் முறை. ஒருமுறைக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு நாளில் பன்னிரண்டு முறை, மூன்று மணி நேரம். அவள் எழுந்தால் தறி நிற்கும். எழாவிட்டால் தோல் கிழியும். சேலை தாமதமானால் அந்த நஷ்டம் வீட்டுக் கணக்கில் தெரியும். தூங்காத இரவுகள் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை.

மணிமேகலை தன் அமுதசுரபியோடு வந்து சேர்ந்த ஊர் இது. பஞ்சத்தில் வாடிய காஞ்சியில் பசித்தவர்களுக்கு அவள் சோறிட்டதைக் காப்பியம் கொண்டாடுகிறது. பெண் கையில் உள்ள பாத்திரம் உணவுப் பாத்திரமாக இருக்கும்வரை நம் இலக்கியம் அதைப் போற்றுகிறது. அதே கை பெட்பேனை ஏந்தினால் பாட்டு நின்றுவிடுகிறது. உடலுக்குள் போவதற்குக் காப்பியம் உண்டு. வெளியே வருவதற்கு வசவு மட்டுமே உண்டு. உண்ட உடல்தான் கழிக்கிறது என்பதும், முன்னதைக் கவனித்தவளே பின்னதையும் கவனிக்கிறாள் என்பதும் தெரியாத விஷயங்கள் இல்லை. எழுதத் தகுந்தவை என்று கருதப்படாத விஷயங்கள்.

நவீன இலக்கியத்தில் நோய்ப்படுக்கை என்றதும் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ நினைவுக்கு வரும். சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியை உறவினர் துணை இல்லாமல் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். சமைக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இறந்தபின் அவரே அவள் உடலைக் குளிப்பாட்டுகிறார். தமிழின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். குளிப்பாட்டும்போது மஞ்சள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இத்தனை காலம் பார்த்துக்கொண்ட வீட்டிலும் ஓர் அலமாரி அவருக்கு அந்நியமாகவே இருந்திருக்கிறது. புதுமைப்பித்தன் அதை ஒரே தொடலில் காட்டிவிட்டுப் போகிறார்.

கதையின் மூச்சும் பிதற்றலும் நாடியும் நமக்கு நினைவிருக்கின்றன. நோயாளியின் கழிவுகள் மீது கதை பார்வையை நிறுத்துவதில்லை. வாசகர்களும் அதைத் தேடியதில்லை. இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இடத்தை மாற்றி, படுக்கையில் கணவரும் பக்கத்தில் செல்லம்மாளும் இருந்திருந்தால் இது கதையாகியிருக்குமா? ஆண் செய்தால் அசாதாரணம், ஆகவே இலக்கியம். பெண் செய்தால் வழக்கம், ஆகவே எழுத ஒன்றுமில்லை. நம் விமர்சனம் பிரமநாயகம் பிள்ளையின் அன்பை வியந்த அளவில் பாதியையாவது, எழுதப்படாத செல்லம்மாள்களின் அறிவைத் தேடுவதில் செலவிட்டிருக்கலாம்.

கதைகளைப் போலவே தீர்ப்புகளையும் வாசிக்க வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அங்கேயே படுக்கையில் கிடந்தார். அவருக்கு இனி உணவூட்ட வேண்டாம், அமைதியாகப் போகவிடுங்கள் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பளித்தது. அருணாவின் விஷயத்தில் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவர் வாழ வேண்டும் என்ற மருத்துவமனை ஊழியர்களின் விருப்பத்துக்கு நீதிமன்றம் மதிப்பளித்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அவர்களுடைய அர்ப்பணிப்பையும் தியாகத்தையும் நாட்டுக்கே பாடமாகப் புகழ்ந்தது.

புகழ்ச்சி நியாயமானது. ஆனால் அதன் சொற்களைப் பாருங்கள்: அர்ப்பணிப்பு, தியாகம். பரிமேலழகரின் நான்கில் மறுபடியும் ஒன்றே ஒன்றுதான் மேடையேறுகிறது. புண் வராமல் இருந்ததற்கு அன்பு காரணம் என்றால், புண் வந்த வீடுகளில் அன்பு குறைவா? சிறுநீரும் மலமும் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஓர் உடலில் பல பத்தாண்டுகள் தோல் கிழியாமல் இருந்தது பயிற்சியால், முறை வைத்துத் திருப்பியதால், ஷிப்ட் மாறியதால், சலவைத் துணி வந்துகொண்டே இருந்ததால், சம்பளம் வாங்கிய பல கைகள் இருந்ததால். அந்தச் செவிலியர்கள் தியாகிகளாக மட்டும் இருக்கவில்லை. 1973இல் அருணாவுக்காகவும் தங்கள் பணியிடப் பாதுகாப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1980களில் படுக்கையைக் காலி செய்ய மாநகராட்சி அருணாவை வெளியே அனுப்ப முயன்றபோது எதிர்த்துத் தடுத்தார்கள். அது அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களின் செயல். அதைத் தியாகம் என்று மட்டும் எழுதிவிட்டால், ஒரு வார்டு முழுதும் சேர்ந்து செய்ததை ஒரு மருமகளிடம் தனியாக எதிர்பார்ப்பது எளிதாகிவிடுகிறது. “அந்த நர்ஸுங்க நாப்பது வருஷம் பார்த்தாங்க, உன்னால நாலு வருஷம் முடியலையா?” என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதுவரை பக்கத்தில் இருப்பவளைப் பற்றிப் பேசினேன். படுக்கையில் இருப்பவளும் பெண்ணாக இருந்தால்? நோயாளிக்கு உரைகாரர் சொன்ன தகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தன் நிலையை எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். நம் பெண்களுக்கு அதற்குச் சொல் எங்கே இருக்கிறது? ‘அங்க எரியுது’, ‘கீழ ஒரு மாதிரி இருக்கு’. உறுப்பின் பெயரே வசவாக மாறிவிட்ட மொழியில், எரிச்சல் எந்த இடத்தில் என்று மருத்துவரிடம் சொல்ல அறுபது வயதிலும் நாக்கு எழுவதில்லை. பள்ளியில் அடக்கி, பேருந்தில் அடக்கி, கடையில் நின்று அடக்கிப் பழகிய உடல், படுக்கையிலும் முதலில் செய்வது தண்ணீரைக் குறைப்பதுதான். மருமகள் தறியில் இருக்கிறாள், மகன் தொட்டால் கூச்சம், மூன்று மணிக்கு எழுப்ப மனசில்லை. ஆகவே ‘தாகமில்லை’ என்கிறாள். எந்த மருத்துவக் குறிப்பிலும் எழுதப்படாத நோய்க் காரணம் இந்தப் பொய். இதை நாம் பண்பு என்று பாராட்டுகிறோம்: “யாருக்கும் தொந்தரவு கொடுக்காம போய்ச் சேர்ந்தா.” இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், அந்த அம்மாள் எத்தனை டம்ளர் தண்ணீரை மறுத்திருப்பாள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அறிவாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தூரத்தில் இல்லை. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர்கள் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் வெகு சீக்கிரம் இறந்துபோவது ஒருகாலத்தில் எங்கும் விதியாக இருந்தது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொருமுறை திருப்புவதையும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பையும் கட்டாயமாக்கினார். அந்த விதி மாறியது. நம் பக்கத்து வேலூரில், சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். நோயாளி, தீர்ப்பவர் என்ற இரண்டு பங்கும் ஒரே பெண்ணுடலில் சேர்ந்தபோது, படுக்கையின் அனுபவம் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் துறையாக மாறியது. இத்தகைய மையங்களில் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் சிறுநீர்ப்பையைக் கவனிக்கும் முறையைச் சொல்லித்தருகிறார்கள். தேவையான நேரத்தில் மட்டும் டியூப் வைத்து எடுப்பதை நோயாளியே பழகுவதும் உண்டு. அங்கே ஆணும் கற்கிறான். கற்பிக்கப்படும் வேலைக்குப் பால் கிடையாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் அனுப்பும் திட்டம். நான்காவது பங்கு அரசின் பொறுப்பும்தான் என்று ஒப்புக்கொண்ட முக்கியமான அடி இது. அதை வரவேற்கிற வேளையில், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் பெண்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெண்ணின் வீட்டு வேலையைப் பெண்ணின் ‘தன்னார்வ’ வேலையாக விரித்துவிட்டு நின்றுவிடக் கூடாது. அந்தத் தன்னார்வலர் வரும் நாளில் பை மாற்றவும் துடைக்கவும் திருப்பவும் கற்றுக்கொள்ள, வீட்டு ஆணும் பக்கத்தில் உட்கார வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டோடு அரை மணி நேரப் பயிற்சியும் தரப்பட வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ‘வீட்ல லேடீஸ் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க’ என்று அழைக்கக் கூடாது.

தமிழ் படிக்கும் பெண்களாக நமக்கும் இதில் வேலை இருக்கிறது. உடல்மொழி, பெண்ணுடல் என்று நிறைய எழுதியிருக்கிறோம். காமமும் மாதவிலக்கும் பிரசவமும் நம் கவிதைக்குள் வந்துவிட்டன; அதற்காக வசவும் வாங்கியிருக்கிறோம். முதுமையில் நனைந்த துணியும், இரவு மூன்று மணிக்கு அதை மாற்றிய கையும் இன்னும் வாசலிலேயே நிற்கின்றன. அவற்றைத் தியாகக் கதையாக எழுதினால் பழைய பாட்டையே மறுபடி பாடுவோம். எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை மில்லி சிறுநீர், என்ன நிறம், எந்த மணிக்குத் திருப்பியது என்று குறித்துவைக்கும் நோட்டு சில வீடுகளில் இருக்கும். பள்ளி நோட்டின் பின்பக்கங்களில், பால் கணக்குக்குப் பக்கத்தில். எழுதியவள் தன்னை எழுத்தாளர் என்று நினைத்திருக்க மாட்டாள். அந்த நோட்டை நான் ஒரு உரைநூலாகவே வாசிப்பேன். அன்பு, தூய்மை, வலிமை, அறிவு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. நான்காவதை மட்டும் இதுவரை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை, அவளே தேடி எடுத்துக்கொண்டாள்.

உழைச்செல்வான் என்ற சொல்லை உழைச்செல்வாள் என்று திருத்தி எழுதுவது என் நோக்கமில்லை. திருத்தினால் பாரம் நிரந்தரமாக அவள் பெயருக்கே பட்டா ஆகிவிடும். சொல் அப்படியே இருக்கட்டும். அந்த விகுதிக்கு உரியவன் கை கழுவிவிட்டு வந்து, பையை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.